நாலாம் வார்டில் சாவு இல்லை

சாயங்காலம் நாலு மணி. தூக்கினவர்கள் ஆறு பேர். தட்டியில் கிடந்தவன் பெயர் ஏகாம்பரம்.

இதைத்தானே எதிர்ப்பக்கத்துக் காப்பிக் கிளப்பில் உங்களிடம் சொன்னார்கள்? சொல்லியிருப்பார்கள். பந்தலுக்கு மூங்கில் வாங்க வெளியூரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அங்கே ஒரு காப்பி குடிக்கிறார்கள். கிளப்காரன் காப்பியோடு என் கதையையும் ஆற்றிக் கொடுத்துவிடுகிறான். "மூங்கில் மண்டி தாண்டவராய பிள்ளையா? சாகக் கிடந்தவங்களையெல்லாம் ரோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டாந்து போட்ட ஆளாச்சே!" என்று. போடவில்லை ஐயா. வைத்தோம். போடுவதும் வைப்பதும் ஒன்றா?

உட்காருங்கள். வண்டி வர இன்னும் நேரம் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நல்ல முற்றின கழியாகவே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் நடந்ததை நடந்தபடி நான் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள். நான் யாருக்கும் பயந்தவன் இல்லை.

வாசலில் போகிற இந்த ரோடு கச்சேரி ரோடு. இதற்கு வடக்கே நாங்கள். மூங்கில்காரத் தெரு, நாலாம் வார்டு. தெற்கே அஞ்சாம் வார்டு. ரோட்டைத் தாண்டினவுடன் அதோ தெரிகிறதே ஓட்டுக் கொட்டகை, அது காதர் மொய்தீன் ராவுத்தரின் வண்டிப்பேட்டை. வெளியூர் வண்டிகள் மாட்டை அவிழ்த்துக் கட்டுகிற இடம். ஊரில் யார் செத்தாலும் பாடைக்கு மூங்கில் எங்கள் தெருவிலிருந்துதான் போகவேண்டும். ஆகவே எந்த வார்டில் எத்தனை சாவு என்பது முனிசிபாலிட்டிக்குத் தெரிவதற்கு முன்னால் எங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட தெருவுக்கு ஒரு அவமானம் வந்தது. அங்கிருந்துதான் சொல்ல வேண்டும்.

1906-ல் எங்கள் தெருவில் வாந்திபேதி. மூன்று வீட்டில் சாவு. அந்தக் காலத்தில் வாந்திபேதிச் சாவு என்று தெரிந்தால் என்ன செய்வார்கள் தெரியுமா? சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வந்து இறங்குவார். பாய், தலையணை, செத்தவன் கட்டியிருந்த வேட்டி, எல்லாவற்றையும் நடுத்தெருவில் குவித்துக் கொளுத்துவார்கள். அடுப்படி வரைக்கும் புகுந்து சுண்ணாம்பு அடிப்பார்கள். கிணற்றில் சிவப்பு மருந்தைக் கரைத்து ஊற்றுவார்கள். போகும்போது தெருமுனைச் சுவரில் தாரால் ஒரு குறி போட்டுவிட்டுப் போவார்கள். குறி போட்ட தெருவுக்குள் எந்த வண்டிக்காரன் வருவான்? என் தம்பிக்கு ஒரு நல்ல இடத்தில் பேசி முடித்திருந்தோம். தட்டு மாற்ற வந்தவர்கள் அந்தக் குறியைப் பார்த்துவிட்டு, வண்டியை விட்டு இறங்காமலே திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். நான் வெற்றிலைத் தட்டோடு வாசலில் நிற்கிறேன். அவர்கள் மாட்டின் வால்தான் எனக்குத் தெரிகிறது.

அன்றைக்கே தெருக்காரர்களைக் கூட்டினேன். "இனிமே நம்ம தெருவுல ஒரு வாந்திபேதிச் சாவு கிடையாது" என்றேன்.

"வியாதியை வராதேன்னு சொல்லிடுவியா தாண்டவராயா?" என்று என் தாய்மாமன் கேட்டார்.

"வியாதி வரட்டும் மாமா. சாவு வரக்கூடாது."

சிரித்தார்கள். ஆனால் நான் விதியைத் தெரிந்துகொண்டுதான் பேசினேன். ஆள் எந்த வீட்டைச் சேர்ந்தவன் என்று முனிசிபாலிட்டி பார்ப்பதில்லை. உயிர் எந்த இடத்தில் போகிறதோ அந்த வார்டின் கணக்கில்தான் சாவு ஏறும். ஆஸ்பத்திரி இருப்பது இந்தக் கச்சேரி ரோட்டுக்குத் தெற்கே ஒரு மைலில். ஆகவே ஒருவன் பிழைக்க மாட்டான் என்று தெரிந்தால், ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி மூங்கில் தட்டியில் கிடத்தித் தூக்கவேண்டியது. ரோட்டைத் தாண்டியதும் ராவுத்தர் பேட்டையில் இறக்கிவைத்துக் கொஞ்சம் இளைப்பாறவேண்டியது. இளைப்பாறுகிற நேரத்தில் போகிற உயிர் போனால் அது அஞ்சாம் வார்டு. இதில் என்ன பொய் இருக்கிறது? ஆஸ்பத்திரி அந்தத் திசையில்தானே இருக்கிறது?

முதல் ஆள் ஏகாம்பரம். 1908 சித்திரை. என் மண்டியில் மூங்கில் பிளக்கிறவன். காலையில் பிடித்தது, சாயங்காலத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. தூக்கினோம்.

"எங்கேங்க தூக்கிட்டுப் போறீங்க?" என்றான்.

"ஆஸ்பத்திரிக்குடா."

பேட்டையில் இறக்கினோம்.

"ஆஸ்பத்திரின்னீங்க. ஏன் இறக்கிட்டீங்க?"

"மூச்சு வாங்கிக்கிறோம்டா."

"நீங்க மூச்சு வாங்குங்க. எனக்குக் கொஞ்சம் தண்ணி வாங்கிக் குடுங்க."

வாந்திபேதிக்காரனுக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்பது எங்கள் வழக்கம். நாங்கள் கொடுக்கவில்லை. ராவுத்தர் வெளியே வந்தார். "என்ன பிள்ளைவாள், மனுசனைக் கொண்டாந்து மாட்டுத்தொட்டி பக்கத்துல வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "ஒரு நாழிகைதான் ராவுத்தரே" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். தட்டியைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு கயிற்றுக் கட்டிலை எடுத்துவரச் சொன்னார். அவர் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு எங்கள் வழக்கமெல்லாம் தெரியாது. கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு, கேட்கிற போதெல்லாம் ஏகாம்பரத்துக்கு ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.

ஏகாம்பரம் பிழைத்துக்கொண்டான். அது வேறு விஷயம். எழுந்து நடமாட ஆரம்பித்தவன் என் மண்டிக்குத் திரும்பி வரவில்லை. ராவுத்தரிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இன்றைக்கும் என்னைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். நான் தூக்கிக்கொண்டு போயிருக்காவிட்டால் அவன் செத்திருப்பான். நன்றி என்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் தட்டி போயிற்று. சிலர் பிழைத்தார்கள், நிறையப் பேர் போனார்கள். நாங்கள் ரோட்டைத் தாண்டுவதைப் பார்த்தால் பேட்டையில் இருக்கிற வண்டிக்காரர்கள் கூவுவார்கள்: "வருதுடா நாலாம் வார்டுப் பல்லக்கு! மாப்பிள்ளை எந்த வீடு?" எங்கள் ஆட்களும் சும்மா இருப்பார்களா? "உங்க வீட்டுக்குத்தாண்டா சம்பந்தம் பண்ண வந்திருக்கோம், பாயை விரி!" என்பார்கள். தட்டியில் இருப்பவன் கேட்டுக்கொண்டுதான் இருப்பான். என்ன செய்வது? வாயை மூடிக்கொண்டு ஒரு சுமையைத் தூக்க எங்கள் தெருக்காரர்களுக்கு வராது.

ராவுத்தர் ஏன் கதவைச் சாத்தவில்லை என்று கேட்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்கிறேன். அவர் பேட்டை, அவர் கதவு. சாத்தியிருக்கலாமே? சாத்தவில்லை. அதில் ஏதோ கணக்கு இருந்திருக்கிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை. பின்னால் புரிந்தது. சொல்கிறேன்.

1913-ல் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். முனிசிபல் ஆபீஸ் முன்னால் பந்தல் போட்டு, கலெக்டர் துரை வந்திருக்க, சேர்மன் எழுந்து, "இந்த ஊரில் வாந்திபேதி எட்டிப் பார்க்காத தெரு ஒன்று உண்டென்றால் அது மூங்கில்காரத் தெரு" என்றார். பந்தலுக்கு மூங்கில் என்னுடையது, இனாமாகக் கொடுத்திருந்தேன். கைதட்டல் அடங்குவதற்குள் சானிட்டரி இன்ஸ்பெக்டர் செபஸ்தியான் என் காதருகே வந்தார். புதிதாக வந்திருந்தவர், எதையும் தோண்டித் துருவிக் கேட்கிற ஆள்.

"பிள்ளை, உங்க தெருக் கிணத்தை ஒட்டினாப்பல மூங்கில் ஊறப்போடுற குட்டை இருக்கு. அந்த நாத்தம் ரோடு வரைக்கும் வருது. குட்டைத் தண்ணி ஊறிக் கிணத்துக்குத்தான் வரும். அதைக் குடிச்சிட்டு உங்க ஜனங்க எப்படிங்க இப்படி இருக்காங்க?"

"வயித்து உரம்" என்றேன். "எங்க தாத்தா வெட்டின கிணறு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். படித்தவர்களுக்குச் சில விஷயங்கள் ஏறுவதில்லை.

அப்புறம்தான் குழாய் வந்தது. ஆற்றுத் தண்ணீரை மணலில் வடிகட்டிப் பெரிய இரும்புக் குழாயில் கச்சேரி ரோடு வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். இருக்கிற தண்ணீர் ரோட்டின் ஒரு பக்கத்துக்குத்தான் போதும் என்றார்கள். எந்தப் பக்கம்? 1915 ஐப்பசியில் அதற்காகக் கவுன்சில் கூடிற்று. நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு போனேன். சுத்தமான தெருவுக்குத்தானே முதல் மரியாதை? இன்ஜினீயர் எழுந்தார். வாந்திபேதிச் சாவு ஊரிலேயே அதிகம் அஞ்சாம் வார்டில், குறைவு நாலாம் வார்டில், ஆகவே குழாய் அஞ்சுக்கு என்றார். அவ்வளவுதான். வேறு பேச்சே இல்லை.

நான் எழுந்தேன். "அந்தச் சாவெல்லாம்..." என்றேன்.

"அந்தச் சாவெல்லாம்?" என்றார் சேர்மன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செபஸ்தியான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நான் உட்கார்ந்துவிட்டேன். பயம் என்று நினைக்காதீர்கள். சால்வை போர்த்தியிருக்கிறவன் சில வார்த்தைகளைப் பேச முடியாது.

வெளியே வந்து ராவுத்தரைப் பிடித்துக்கொண்டேன். அவர்தான் அஞ்சாம் வார்டுக் கவுன்சிலர். இப்போது கணக்குப் புரிகிறதா?

"ராவுத்தரே, எங்க சாவை வச்சு நீங்க குழாய் வாங்கிட்டீங்க."

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "பிள்ளைவாள், நான் கேட்டா வாங்கினேன்? நீங்கதானே வருசா வருசம் கொண்டாந்து வச்சீங்க. உங்க சாவு உங்களுக்கு வேணுமா? எடுத்துக்குங்க. இப்பவே உள்ள போவோம். அதெல்லாம் நாலாம் வார்டு ஆளுங்கன்னு நான் சொல்றேன். பக்கத்துல நின்னு, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. குழாயை உங்க பக்கம் திருப்பச் சொல்லுங்க."

"அந்த வார்த்தை என் வாயில வராது."

"அப்ப உங்க வீட்டுப் பொம்பளைங்களை எங்க பக்கம் வந்து தண்ணி பிடிச்சுக்கச் சொல்லுங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

பாருங்கள், எவ்வளவு தந்திரம். எங்கள் சாவையும் எடுத்துக்கொண்டு, எங்கள் பெண்களையும் குடத்தோடு அவர் வாசலில் நிறுத்தப் பார்த்தார். ஊருக்கே கழி கொடுக்கிற தெரு ஒரு குடம் தண்ணீருக்கு ரோட்டைத் தாண்டுவதா? அன்று மாலையே தெருவில் சொல்லிவிட்டேன். எங்கள் கிணறு இருக்கிறது, எவளும் அந்தப் பக்கம் குடம் எடுத்துப் போகக்கூடாது. போகவில்லை. என் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. தட்டி மட்டும் வழக்கம் போலப் போய்க்கொண்டிருந்தது.

பதினெட்டாம் வருஷத்து விஷக்காய்ச்சலை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது தேசம் முழுவதும் வந்தது. எல்லோருக்கும் வந்ததில் யாருக்கும் அவமானம் இல்லை. என் மாப்பிள்ளை அதில்தான் போனான், அவன் ஊரில். என் மகள் தையல்நாயகி இருபத்திரண்டு வயதில் வெறும் கழுத்தோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள்.

அவள் வந்ததிலிருந்து தொந்தரவு. சின்ன வயதில் வாயைத் திறக்க மாட்டாள். இப்போது எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்டாள். "ஏம்ப்பா, கிணத்துத் தண்ணியில அழுகின மூங்கில் வாடை அடிக்குதே, உங்களுக்குத் தெரியலையா?" என்பாள். "அது கிணத்தோட வாடை" என்பேன். 1920 பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, சமையலறையில் புதுக் குடம் ஒன்று இருந்தது. தண்ணீரில் ஒரு வாடையும் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

"எங்கேருந்து வந்தது?"

"ராவுத்தர் பக்கத்துக் குழாயிலேருந்து. அம்மாவுக்கு ஒரு வாரமா வயிறு சரியில்லை."

குடத்தைத் தூக்கி வாசலில் போட்டு உடைத்தேன். தெரு பார்க்கத்தான் உடைத்தேன். என் வீட்டுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா? என் மனைவி குஞ்சம்மாள் ஓட்டாஞ்சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டே, "குடம் என்ன பாவம் பண்ணிச்சு? உங்க தாத்தா கிணத்துலேருந்தே மொண்டுட்டு வரேன், விடுங்க" என்றாள். மொண்டுகொண்டு வந்தாள். எல்லோரும் அதைத்தான் குடித்தோம்.

அடுத்த புதன்கிழமை விடியும்போது குஞ்சம்மாளுக்குப் பிடித்துக்கொண்டது.

வீட்டு வைத்தியம் எல்லாம் பார்த்தோம். பத்து மணிக்குக் குரல் கம்மிவிட்டது. உச்சிப்பொழுதில் கைவிரல்கள் சுருங்கிப் போயின. எத்தனையோ பேரைப் பார்த்தவன் நான், எனக்குத் தெரியாதா? தட்டியை எடுத்துவரச் சொன்னேன். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஊரார் பெண்டாட்டிகளைத் தூக்கினபோது சரி, என் பெண்டாட்டி என்றால் தப்பா? அன்றைக்கு நான் அவளை வீட்டில் வைத்துக்கொண்டிருந்தால் இந்தத் தெருவில் எவன் என்னை மதிப்பான்?

ஆட்கள் வந்து நின்றார்கள். குஞ்சம்மாள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "என்னங்க, தட்டி வந்திருச்சா?"

"ஆஸ்பத்திரிக்குத்தான் குஞ்சு."

"எத்தனை பேர்கிட்ட இதைச் சொன்னீங்க. எனக்காவது ஒரு புதுப் பொய் சொல்லக்கூடாதா?"

தூக்க வந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான். அவன் தோள் குலுங்கிற்று.

"இருபத்தெட்டு வருசமா இந்த வாசல்ல கோலம் போட்டிருக்கேன்" என்றாள் குஞ்சம்மாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி நிறுத்தித்தான் பேச முடிந்தது. "சாகிறதுக்கு மட்டும் மாட்டுக் கொட்டகையா? நான் வரமாட்டேன். என்னை இந்தத் தெருவுல எண்ணிக்கட்டும்."

"வியாதியில பேசுறா. தூக்குங்கடா" என்றேன்.

தையல்நாயகி வாசல் நிலையில் வந்து நின்றாள். இரண்டு கையையும் இரண்டு பக்கமும் ஊன்றிக்கொண்டாள். கத்தவில்லை, அழவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "தூக்குங்க அண்ணே. நான் தடுக்கலை. ஆனா கூடவே வருவேன். ரோட்டுல போறவங்களை நிறுத்தி நிறுத்திச் சொல்லிட்டே வருவேன். இது ஆஸ்பத்திரிக்குப் போகலை, ராவுத்தர் பேட்டைக்குச் சாகப் போகுதுன்னு. முந்திப் போனவங்க பேரையும் சொல்லுவேன். உங்க அம்மா பேரு எனக்குத் தெரியும் அண்ணே. உங்க தம்பி பேரும் தெரியும்."

அந்த ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியே போய்விட்டார்கள். அவளைத் தள்ளிக்கொண்டு போகவில்லை. அவளே கையை எடுத்து வழிவிட்டாள்.

நான் விடவில்லை ஐயா. தட்டியின் ஒரு முனையை நானே பிடித்துத் தூக்கினேன். மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. தட்டிக்கு இரண்டு முனை இருக்கிறதே, ஒரு மனிதன் என்ன செய்வான்? கொஞ்ச நேரம் தூக்கினபடியே நின்றேன். குஞ்சம்மாள் தலைப்பக்கம் உயர்ந்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "கை வலிக்கப் போகுது, வையுங்க" என்றாள்.

வைத்தேன்.

மூன்று மணிக்குப் போய்விட்டாள். கடைசி வரைக்கும் தையல்நாயகி அவள் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பெண் பின்கட்டு வழியாக அஞ்சாம் வார்டுக் குழாய்த் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள்.

அதற்கப்புறம் என் மகள் செய்ததுதான் பெரிது. தாய் வீட்டுக்குள் கிடக்கிறாள், புருஷனை இழந்த பெண், பட்டப்பகலில் முக்காடு கூடச் சரியாக இல்லாமல் தெருவில் இறங்கி நடந்தாள். முனிசிபல் ஆபீசுக்கு. நான் தடுக்கவில்லை. ஒரு பொம்பளை போய்ச் சொன்னால் சிரித்து அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அங்கே நடந்ததைப் பார்த்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"என் அம்மா இறந்துட்டாங்க. பேரு குஞ்சம்மாள். வாந்திபேதி. மூங்கில்காரத் தெரு, நாலாம் வார்டு" என்றிருக்கிறாள்.

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்திருக்கிறார். "நாலாம் வார்டா? அங்கே வாந்திபேதி வராதேம்மா. சரியாச் சொல்லு, அஞ்சாம் வார்டுதானே?"

"நாலு."

"அவசரத்துல மாத்திச் சொல்றியேம்மா நீ. இத்தனை வருசத்துல நாலாம் வார்டிலேருந்து ஒண்ணு கூட வந்ததில்லை."

"இன்னிக்கு வந்திருக்கு. எழுதுங்க."

குமாஸ்தா தயங்கிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு குரல்: "என் மாமியாரும்தாங்க. நாலு வருசம் ஆச்சு." திரும்பிப் பார்த்தால் எங்கள் தெருப் பெண்கள். தையல்நாயகி நடந்து போனதைப் பார்த்து, ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வந்திருக்கிறார்கள். என் புருஷன் என்றாள் ஒருத்தி. என் பொண்ணு, பால்குடி மறக்காத பொண்ணு என்றாள் ஒருத்தி. எல்லோரும் ராவுத்தர் பேட்டையில் போனவர்கள், எல்லோரும் நாலாம் வார்டு என்று சொல்லியிருக்கிறார்கள். பழைய சாவை இப்போது மாற்ற முடியாது என்று குமாஸ்தா சொன்னாராம். "மாத்த வேண்டாம், கேட்டுக்குங்க" என்றாளாம் என் மகள். உள்ளேயிருந்த செபஸ்தியான் வெளியே வந்து, கடைசிப் பெண் பேசி முடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டே கேட்டாராம்.

மறுநாள் காலையில் அவர் ஆட்களோடு எங்கள் தெருவுக்குள் வந்தார். பதினாலு வருஷம் அவர்களை நான் இந்தத் தெருவில் கால் வைக்க விடவில்லை. என் வீட்டுப் பாயைத்தான் முதலில் கொளுத்தினார்கள். கிணற்றில் மருந்து போட வந்தபோது நான் கைப்பிடிச் சுவர் மேல் ஏறி நின்றுகொண்டேன்.

"பிள்ளை, இறங்குங்க" என்றார் செபஸ்தியான்.

"இறங்கமாட்டேன். எங்க தாத்தா வெட்டின கிணறு."

தெரு முழுவதும் கூடிவிட்டது. எனக்காக ஒருவனாவது வந்து பக்கத்தில் நிற்பான் என்று பார்த்தேன். தையல்நாயகிதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அவர் நிக்கட்டும் சார். அவரை இறக்க வேண்டாம். காலுக்குப் பக்கத்துல இடம் இருக்கு, மருந்தை ஊத்துங்க" என்றாள்.

ஊற்றினார்கள். தண்ணீர் ரத்தமாகச் சிவந்தது. நான் கடைசி வரைக்கும் இறங்கவில்லை. அதைக் கிளப்காரன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான்.

அந்தக் கோடையில் எங்கள் தெருவில் மேலும் ஏழு பேர் போனார்கள். ஒருவரையும் யாரும் ரோட்டைத் தாண்டித் தூக்கவில்லை. அவரவர் வீட்டில், அவரவர் பாயில். ஒவ்வொன்றையும் பெண்களே ஆபீசுக்குப் போய்ச் சொன்னார்கள். ஊரிலேயே மோசமான தெரு என்று பெயர் வந்தது. கவுன்சில் மறுபடி கூடி, நாலாம் வார்டுக்கு உடனே குழாய் என்று தீர்மானம் போட்டது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? காதர் மொய்தீன் ராவுத்தர். எங்கள் சாவைப் பல வருஷம் வைத்து அனுபவித்துவிட்டு, கடைசியில் புண்ணியத்தையும் அவரே தட்டிக்கொண்டு போனார்.

இப்போது சொல்லுங்கள். நான் என்ன தப்புச் செய்தேன்? 1908 முதல் 1920 வரை இந்தத் தெருவில் ஒரு வாந்திபேதிச் சாவு கிடையாது. முனிசிபாலிட்டியில் போய்க் கேளுங்கள், சர்க்காரே அதைத்தான் சொல்லும். அதற்குப் பிறகும் அந்த ஒரு கோடையைத் தவிர இந்தப் பத்து வருஷமாக ஒன்றும் இல்லை. குழாயால் என்கிறார்கள். நான் கட்டிக் காப்பாற்றிய சுத்தம் என்று ஒருவன் சொல்கிறானா?

குழாய்த் தண்ணீரை நான் தொடுவதில்லை. அன்றைக்கு எடுத்த சபதம். இன்றைக்கும் எனக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். தையல்நாயகிதான் கொண்டுவந்து வைக்கிறாள். நாங்கள் பேசிக்கொள்வது இல்லை. செம்பை வைப்பாள், போய்விடுவாள். அதில் வாடையே இல்லை. பார்த்தீர்களா, ஒரு காலத்தில் வாடை அடிக்கிறது என்று குறை சொன்ன அதே கிணறு. கயிறும் நல்ல கயிறு. போட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது, ஒரு இழை தேயவில்லை. அப்படிப்பட்ட சரக்கு இப்போது வருவதில்லை.

உங்கள் வண்டி வந்துவிட்டது போலிருக்கிறது. கழியை ஒரு தரம் தட்டிப் பார்த்து ஏற்றிக்கொள்ளுங்கள். கிளப்காரன் கேட்டால், பிள்ளையைப் பார்த்தேன், தலை நிமிர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லுங்கள்.

குழாய் திறந்த தேதியா? 1921 ஜூன் 13, திங்கட்கிழமை, காலை. சேர்மன் வந்தார், ராவுத்தர் வந்தார். முதல் குடம் பிடித்தவள் என் மகள். நான் போகவில்லை.